பழைய மடிக்கணினியில் பெர்ல் மாட்யூல்களைச் சோதித்து அறிக்கை அனுப்புவது எப்படி? வடசென்னைத் தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெர்ல் என்ற நிரல் மொழியில் ஒரு மாட்யூலை, அதாவது பிறர் தம் நிரலில் எடுத்தாளக்கூடிய நிரல் பொதியை, எழுதி வெளியிடுபவரின் மேசையில் பெரும்பாலும் ஒரே ஒரு கணினிதான் இருக்கும். அதில் ஓடுவது ஒரே இயங்குதளம், ஒரே பெர்ல் பதிப்பு, ஒரே நேர மண்டலம். ஆனால் அவர் எழுதியது, பெர்ல் மாட்யூல்களுக்கான பொதுக் களஞ்சியமான சிபேனில் ஏறிய மறுகணமே விண்டோஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்கிலும் பத்தாண்டு பழைய லினக்ஸிலும் அதை யாரேனும் நிறுவத் தொடங்கிவிடுவார்கள். அத்தனை இடங்களிலும் அது சரியாக ஓடுகிறதா என்பதைத் தனியொருவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 1995 முதல் இயங்கிவரும் சிபேனுக்கு 1998 முதல் இந்த வேலையைத் தன்னார்வலர்கள் செய்துவருகிறார்கள். அவர்களுக்குச் சிபேன் டெஸ்டர்ஸ் என்று பெயர். புதிதாக ஏறும் மாட்யூலை இறக்கி, தங்கள் கணினியில் கட்டி, அதனுடன் ஆசிரியரே எழுதி வைத்திருக்கும் சோதனைகளை ஓட்டி, வந்த முடிவை அப்படியே பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புவது அவர்கள் பணி.

இதில் சேர விரும்புபவர்களுக்கு முதலில் எழும் தயக்கம், ‘எனக்குப் பெர்ல் நன்றாகத் தெரியாதே’ என்பது. சோதனைகளை நீங்கள் எழுத வேண்டியதில்லை; அவை மாட்யூலுக்குள்ளேயே ‘டி’ என்ற அடைவில் இருக்கின்றன. டெர்மினலைத் திறந்து கட்டளை இடவும், பிழைச்செய்தியைப் பொறுமையாகப் படிக்கவும் தெரிந்தால் போதும். பெர்ல் போகப்போகத் தானாக வந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் மாறிகளையும் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளையே இட வேண்டும்.

எந்தக் கணினி?

புதிய கணினி வாங்காதீர்கள். புதிய மடிக்கணினியில் 64-பிட் உபுண்டுவைப் போட்டு நீங்கள் அனுப்பும் ‘பாஸ்’ (சோதனைகள் தேறின என்னும்) அறிக்கையால் மாட்யூலின் ஆசிரியருக்குப் பெரிதாகப் புதிய செய்தி எதுவும் கிடைப்பதில்லை, ஏனெனில் அதே அமைப்பிலிருந்து அவருக்கு ஏற்கெனவே அறிக்கைகள் வந்து குவிந்திருக்கும். பிறரிடம் இல்லாத அமைப்பிலிருந்து வருவதே அவர் எதிர்பார்க்கும் அறிக்கை. அந்த வகையில் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பரண்மேல் கிடக்கும் பழைய கணினிகள் உண்மையிலேயே பயனுள்ளவை.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி இந்தப் பகுதியில் பல வீடுகளில் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் அவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. படித்து முடித்து வேலைக்குப் போன அக்காவோ அண்ணனோ ஒதுக்கி வைத்த அந்தக் கணினியில் இன்றைய உலாவி திணறும். ஆனால் பெர்ல் சோதனைகள் நிதானமாக ஓடிவிடும். அதில் 32-பிட் லினக்ஸ் ஒன்றைப் போட்டால் இன்னும் நல்லது. டெபியனின் 12ஆம் பதிப்பு வரை 32-பிட் பிசிக்கான நிறுவி வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இத்தகைய அமைப்புகள் இனி குறைந்துகொண்டே போகும், அவற்றிலிருந்து வரும் அறிக்கைகளும் குறையும். ஆனால் 32-பிட் சில்லுகள் கருவிகளுக்குள்ளும் பழைய சர்வர்களிலும் இன்னும் பல ஆண்டுகளுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 32-பிட் டெபியனோடு வரும் பெர்ல், 64-பிட் முழு எண்களைக் கையாளும்படி கட்டப்பட்டது. எனவே அதை அப்படியே பயன்படுத்தினால் 32-பிட்டுக்கே உரிய பிழைகளில் பாதி கண்ணில் படாது. ‘பெர்ல்ப்ரூ’ என்ற கருவியைக் கொண்டு பெர்லை நீங்களே கட்டிக்கொண்டால் முழு எண் நான்கு பைட்டுகளோடு நிற்கும். 4294967295-ஐத் தாண்டும் எண்கள் தசம எண்களாக மாறும். தரவைப் பைட்டுகளாக மாற்றும் ‘பேக்’ சார்பில் ‘க்யூ’ என்ற வடிவத்தை இட்டால் அது செல்லாது என்று பெர்ல் மறுக்கும். 64-பிட் கணினியில் மட்டும் எழுதிப் பழகிய ஆசிரியருக்கு இவையெல்லாம் நினைவில் இருப்பதில்லை. பழைய கணினியில் பெர்லைக் கட்டி முடிக்க நெடுநேரம் ஆகும் என்பதால், மாலையில் தொடங்கிவிட்டுப் படுக்கப் போவது நல்லது.

மடிக்கணினியே இல்லாதவர்கள் கைப்பேசியிலும் தொடங்கலாம். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் செயலியை நிறுவினால் அதற்குள் பெர்லும், நிரலைக் கட்டும் கம்பைலரும் கிடைக்கும். அங்கே வழக்கமான இடத்தில் தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டெம்ப்’ அடைவு கிடையாது, கட்டளைகளை ஏற்கும் ‘ஷெல்’ இருக்கும் இடமும் வேறு. அந்தப் பாதைகளை நிரலில் நேரடியாக எழுதி வைத்திருக்கும் மாட்யூல்கள் அங்கே வரிசையாகத் தோற்கும். அந்தத் தோல்விகளில் பல நியாயமானவை. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கம்பைலரோடு சேர்ந்து வரும் ஸ்ட்ராபெர்ரி பெர்லை நிறுவிக்கொள்ளலாம். திறந்திருக்கும் கோப்பை அழிக்க விண்டோஸ் விடாது, கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டையும் பாராட்டாது. இந்த இரண்டு காரணங்களால் மட்டுமே விண்டோஸில் தோற்கும் சோதனைகள் ஏராளம்.

கணினியை முதலில் நம்பத்தகுந்ததாக ஆக்குங்கள்

தவறான ‘ஃபெயில்’ அறிக்கை, அறிக்கையே அனுப்பாமல் இருப்பதைவிடக் கெடுதலானது. உலகின் இன்னொரு மூலையில் ஒருவர் தம் விடுமுறை நாளைச் செலவழித்து, இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே சோதனைக் கணினியின் உடல்நலத்தை முதலில் பார்க்க வேண்டும், அதிலும் கடலோரத்தில் குடியிருப்பவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அடிக்கும் உப்புக்காற்று சைக்கிள் செயினையும் ஜன்னல் கம்பியையும் அரிப்பதுபோலவே ரேம் அட்டையின் பொன்னிறத் தொடுமுனைகளிலும் படிகிறது. அதன் அறிகுறி வேடிக்கையாக இருக்கும்: பெர்லைக் கட்டும்போது கம்பைலர் ‘உள் பிழை’ என்று சொல்லி நின்றுவிடும், அதே கட்டளையை மறுபடி இட்டால் வேறொரு கோப்பில் போய் நிற்கும், மூன்றாம் முறை முழுதாக முடிந்துவிடும். ஒரே நிரல் இடம் மாறி மாறித் தோற்றால் குற்றம் நிரலில் இல்லை, நினைவகத்தில் அல்லது சூட்டில் இருக்கிறது. கணினியை அணைத்து, பேட்டரியையும் கழற்றிவிட்டு, ரேம் அட்டையை எடுத்துத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். ரிப்பேர் கடைகளில் முதலில் செய்வதும் இதைத்தான். பிறகு ‘மெம்டெஸ்ட்’ கருவியை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். அது ஒரே ஒரு பிழையைக் காட்டினாலும் அந்த ரேமோடு அறிக்கை அனுப்பக் கூடாது.

அடுத்தது கடிகாரம். பழைய கணினிகளில் தாய்ப்பலகையில் இருக்கும் சிறிய பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் போய் வந்ததும் கணினியின் தேதி எங்கோ பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். இதனால் வரும் தோல்விகள் வெளிப்பார்வைக்குக் கடிகாரத்தோடு தொடர்பே இல்லாதவைபோல் இருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று இணைய இணைப்பு மறுக்கப்படும். இறக்கிய கோப்புகளின் தேதி எதிர்காலத்தில் இருப்பதாக ‘மேக்’ என்ற கட்டுமானக் கருவி (ஆப்பிளின் மேக் கணினி அன்று) எச்சரிக்கும். தன் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைல் பழையதாகிவிட்டது என்று அது தானே புதிதாக எழுதிக்கொண்டு, ‘கட்டளையை மறுபடி இடுங்கள்’ என்று சொல்லி நின்றுவிடும். தானியங்கிச் சோதனைக் கருவி இதைக் கட்டுமானத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். பல பிசிகளில் சிஆர்2032 பேட்டரிதான் இருக்கும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், விலையும் சொற்பம். அதை மாற்றிவிட்டு, இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் சேவை இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

தனிக் கணக்கு இல்லாமல் தொடங்காதீர்கள்

நீங்கள் ஓட்டப்போவது முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நிரல். சிபேனில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி மாட்யூலை ஏற்றலாம். ஏற்றியதை முன்கூட்டியே படித்துப் பார்த்து அனுமதிப்பவர் எவரும் இல்லை. ஆகவே வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், ஆதார் நகல் முதலியவை இருக்கும் கணினியில் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. சோதனைக்கென்றே ஒதுக்கிய கணினி இல்லையென்றால் மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி அதற்குள் செய்யுங்கள். எங்கே செய்தாலும் சோதனைக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று வேண்டும். அதற்கு நிர்வாக உரிமை இருக்கக் கூடாது.

இது பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதில்லை. ரூட் என்ற முழு நிர்வாகக் கணக்கில் ஓட்டினால் முடிவுகளே தவறாகிவிடும். ‘படிக்க அனுமதியில்லாத கோப்பைத் திறக்கப் பார்த்தால் பிழை வர வேண்டும்’ என்று சோதனை எதிர்பார்க்கும். ரூட்டுக்கோ எந்தக் கோப்பும் திறக்கும் என்பதால் பிழை வராது, சோதனை தோற்கும். அந்தத் தோல்விக்கு மாட்யூல் பொறுப்பாகாது.

கணக்குக்குப் பெயரிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அறிக்கைகள் எல்லாம் பொதுவில் வெளியாகும். மாட்யூல்கள் நிறுவப்பட்டிருக்கும் பாதைகளும் சில சூழல் மாறிகளும் (நிரல்கள் படித்துக்கொள்ளும் கணினி அமைப்பு மதிப்புகள்) அவற்றில் அப்படியே இருக்கும். பாதையில் உங்கள் பயனர் பெயரும் இருக்கும். சொந்தப் பெயரையோ கைப்பேசி எண்ணையோ பயனர் பெயராக வைக்காமல் பொதுவான பெயர் ஒன்றை வைப்பது நல்லது. அறிக்கையில் சேரும் மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த முகவரி நீங்கள் உண்மையில் படிப்பதாக இருக்க வேண்டும், ஏனெனில் ஆசிரியர் கேள்வி கேட்டால் அங்கேதான் வரும்.

நிறுவுதலும் முதல் சோதனையும்

புதிய கணக்கில் நுழைந்து பெர்ல்ப்ரூ மூலம் பெர்லைக் கட்டுங்கள். இரண்டாம் இட எண் இரட்டைப்படையாக இருக்கும் பதிப்புகள் நிலையானவை. ஒற்றைப்படையாக இருப்பவை வளர்ச்சிப் பதிப்புகள். தொடக்கத்தில் ஒரு நிலையான பதிப்பு போதும். பெர்லைக் கட்டும்போது அதன் சொந்தச் சோதனைகளைத் தவிர்க்கும் தெரிவு உண்டு. நேரம் மிச்சமாகும் என்று பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். சோதகர் அதைச் செய்யக் கூடாது. பெர்லே கோணலாக இருந்தால் அதன்மேல் ஓடும் எந்த முடிவுக்கும் மதிப்பில்லை.

பிறகு ‘சிபேன்’ என்ற கட்டளையை இடுங்கள். முதல்முறை அது சில கேள்விகள் கேட்கும். தானாக அமைத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம். அதன் ஷெல்லுக்குள் ‘இன்ஸ்டால் சிபேன்::ரிப்போர்ட்டர்’ என்று கொடுத்து, அறிக்கை அனுப்பும் அந்த மாட்யூலை நிறுவி, ‘ஓ கான்ஃப் இனிட் டெஸ்ட்_ரிப்போர்ட்’ என்று கொடுத்தால் மின்னஞ்சல் முகவரி முதலியவற்றைக் கேட்கும். முடிந்ததும் ‘ஓ கான்ஃப் கமிட்’ என்று கொடுத்தால் அமைப்பு சேமிக்கப்படும். அறிக்கை எந்தச் சேவை முகவரிக்குப் போக வேண்டும் என்பதைச் சிபேன் டெஸ்டர்ஸ் தளத்தின் அப்போதைய உதவிக் குறிப்பைப் பார்த்து அமையுங்கள். பழைய வழிகாட்டிகளில் மின்னஞ்சல் வழியாக அனுப்பும் முறை சொல்லப்பட்டிருக்கும், அது வழக்கொழிந்துவிட்டது.

மாட்யூல்களை நிறுவும் இன்னொரு கருவியான சிபேன்மைனஸுக்குப் பழகியவர்கள் அதை விட வேண்டியதில்லை. அதற்கென்றே ‘சிபேன்எம்-ரிப்போர்ட்டர்’ என்ற துணைக்கருவி இருக்கிறது. சிபேன்மைனஸ் எழுதி வைக்கும் கட்டுமானப் பதிவைப் படித்து அறிக்கையைத் தயாரித்துவிடும்.

முதலில் தனக்கு வேண்டிய பிற மாட்யூல்கள் குறைவாக இருக்கும் சிறிய மாட்யூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ட்ரை::டைனி’ பொருத்தமானது. சிபேன் ஷெல்லில் ‘டெஸ்ட்’ என்று இட்டு மாட்யூலின் பெயரைக் கொடுத்தால், இறக்கி, விரித்து, மேக்ஃபைலை எழுதி, கட்டி, சோதனைகளை ஓட்டிவிட்டு, நிறுவாமல் விட்டுவிடும். திரையில் ஒவ்வொரு சோதனைக் கோப்பின் பெயரும் அதன் எதிரே ‘ஓகே’ என்பதும் வரிசையாக ஓடும். கடைசியில் ‘பாஸ்’ என்று வரும். பாஸ், ஃபெயில் என்ற இரண்டைத் தவிர மேலும் இரண்டு தரங்கள் உண்டு. இந்த இயங்குதளத்துக்கோ இந்தப் பெர்ல் பதிப்புக்கோ ஏற்றதில்லை என்று மாட்யூலே சொல்லிவிட்டால் ‘என்ஏ’. சோதனைகளே இல்லாமல் இருந்தாலோ, சோதனை தொடங்கும் முன்பே கட்டுமானம் நின்றுவிட்டாலோ ‘அன்நோன்’.

சில மாட்யூல்கள் நடுவில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். ‘ஆட்டோமேட்டட்_டெஸ்டிங்’, ‘நான்இன்ட்டராக்டிவ்_டெஸ்டிங்’ என்ற இரு சூழல் மாறிகளுக்கும் 1 என்று மதிப்பிட்டு வைத்தால், இங்கே மனிதர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைப் பெரும்பாலான மாட்யூல்கள் புரிந்துகொள்ளும். அப்படியும் சில தொங்கும் என்பதால், சிபேன்::ரிப்போர்ட்டரின் அமைப்புக் கோப்பில் ஒரு கட்டளைக்கான அதிகபட்ச நேரத்தையும் குறித்துவிடுங்கள்.

தோல்வியைப் படிக்கும் விதம்

சோதகரின் உண்மையான வேலை ‘ஃபெயில்’ வரும் இடத்தில்தான் தொடங்குகிறது. நம் ஊரின் நேரத்தால் மட்டுமே வெளிப்படும் ஒரு பிழை இப்படி இருக்கும். உள்ளூர் நேரத்துக்கும் உலகப் பொதுநேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சரமாகத் தரும் மாட்யூல் ஒன்றைச் சோதிக்கிறீர்கள் என்று வையுங்கள். திரையில் ‘நாட் ஓகே’ என்று வந்து, அதன் கீழே கிடைத்தது +0500 என்றும் எதிர்பார்த்தது +0530 என்றும் இரண்டு வரிகள் இருக்கும். இந்திய நேரத்தின் வேறுபாடு 19,800 விநாடி. ஆசிரியர் அதை 3,600-ஆல் வகுத்து முழு எண்ணாக்கி, 5 என்று எடுத்துக்கொண்டு, மீதமுள்ள 1,800 விநாடிகளைக் கைவிட்டிருக்கிறார். அவர் நாட்டில் வேறுபாடு முழு மணிகளாகவே இருப்பதால் அவர் கணினியில் இது என்றைக்கும் தோற்காது. நமக்கும், ஐந்தே முக்கால் மணி வேறுபாடுள்ள நேபாளத்தவர் போன்றோருக்கும்தான் தெரியும். இந்தப் பிழையைப் பிடிப்பதற்கு நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், கணினியின் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்றே விட்டுவைப்பதுதான். சோதனைக் கணினியில் பொதுநேரத்தையே வைக்க வேண்டும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள்.

காரணத்தை உறுதிசெய்ய, மாட்யூல் விரிக்கப்பட்ட அடைவுக்குள் சென்று, ‘டிஇசட்’ என்ற சூழல் மாறியில் யுடிசி (பொதுநேரம்) என்று கொடுத்து, தோற்ற அந்த ஒரு கோப்பை மட்டும் ‘ப்ரூவ்’ கட்டளையால் மறுபடி ஓட்டுங்கள். இப்போது தேறினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டும் இந்த முறையே மற்றவற்றுக்கும் பொருந்தும். மொழி அமைப்பின்மீது ஐயம் வந்தால் ‘எல்சி_ஆல்’ என்பதைச் ‘சி’ என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். தமிழ் மொழி அமைப்பை வைத்திருக்கும் கணினியில் தேதியை வடிவமைக்கும் சார்பு, மாதப் பெயரைத் தமிழில் தரும். ஆங்கிலச் சுருக்கத்தை எதிர்பார்த்து எழுதிய சோதனை அங்கே தோற்கும். நேர மண்டலத்தை மாற்றாமல் வைத்ததுபோல மொழி அமைப்பையும் எப்போதும் தமிழிலேயே வைத்திருக்கச் சொல்ல மாட்டேன்; ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை தமிழிலும் ஓட்டி ஒப்பிட்டால்தான் பிழை எங்கே என்று தெரியும்.

கோப்புப் பெயர்களைக் கையாளும் மாட்யூல்களைச் சோதிக்கும்போது, ‘கொருக்குப்பேட்டை’ என்று தமிழிலேயே பெயரிட்ட அடைவுக்குள் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இந்தப் பெயர் யூனிகோடில் 16 குறிகளால் ஆனது. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை, பெயரைச் சேமிக்கும்போது ‘கொ’வின் ஒகரக் குறியை எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்துவிடும். அடைவைத் திரும்பப் படித்தால் 17 குறிகள் வரும், யுடிஎஃப்-8 கணக்கில் 48 பைட்டுகள் 51 ஆகியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு இரண்டும் வேறு. லினக்ஸில் தேறி மேக்கில் தோற்பதன் காரணம் இதுவாக இருந்தால், அதை ஆசிரியருக்கு எடுத்துச் சொல்லத் தமிழ் எழுதுபவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார்.

ஓட்டும்போதெல்லாம் தோற்காமல், எப்போதாவது தோற்கும் சோதனைகள் உண்டு. 2013-இல் வந்த பெர்ல் 5.18 முதல், பெயரும் மதிப்புமாகத் தரவை வைக்கும் ஹேஷில் உள்ளவை வரும் வரிசை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். வரிசை மாறாது என்று நம்பி எழுதிய சோதனை சில நேரம் தேறும், சில நேரம் தோற்கும். ‘பெர்ல்_ஹேஷ்_சீட்_டீபக்’ என்ற மாறியை 1 என்று வைத்தால் அந்த ஓட்டத்தின் விதை எண் திரையில் வரும்; தோற்ற ஓட்டத்தின் எண்ணைக் குறித்து அனுப்பினால் ஆசிரியர் தம் கணினியிலும் அதே தோல்வியை வரவழைத்துப் பார்க்க முயலலாம். 2017-இல் வந்த 5.26 பதிப்பில், மாட்யூலைத் தேடும் இடங்களின் பட்டியலிலிருந்து நடப்பு அடைவு நீக்கப்பட்டது. பழைய மாட்யூல்கள் பல, தம் சோதனைக்கான துணைக் கோப்பையே காணாமல் நிற்பதற்கு அதுதான் காரணம்.

எதை அனுப்பக் கூடாது

வட்டு நிரம்பியிருந்ததால் தோற்றது, சி மொழித் தலைப்புக் கோப்பு நிறுவப்படாததால் கட்டுமானம் நின்றது, ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போனது ஆகியவை நம் பக்கத்துக் குறைகள். ஓபன்எஸ்எஸ்எல் போன்ற நூலகத்தின் வளர்ச்சிப் பொதி இல்லாமல் தோற்றால் அதை நிறுவிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மின்சாரம் போய் வந்திருந்தால் சிபேனின் கட்டுமான அடைவில் அரைகுறையாகக் கிடப்பதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். அன்றைக்குச் சோதனை வேண்டாம். பழைய மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் உயிரிழந்திருக்கும் என்பதால் சிறிய யுபிஎஸ் ஒன்று இருப்பது நல்லது.

இணையத்தால் வரும் குழப்பம் தனி ரகம். இல்லாத தளத்தின் பெயரைத் தேடினால் ‘இல்லை’ என்று பதில் வர வேண்டும் என்று சோதனை எதிர்பார்க்கும். சில இணையச் சேவைகளோ அதற்குப் பதிலாகத் தங்கள் விளம்பரப் பக்கத்தின் முகவரியைத் தந்துவிடும். உங்கள் இணைப்பு அப்படிப்பட்டதா என்று முதலிலேயே ஒரு பொய்ப் பெயரைத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அப்படிப்பட்டதாக இருந்தால் ‘நோ_நெட்வொர்க்_டெஸ்டிங்’ என்ற மாறியை 1 என்று வைத்துவிடுங்கள். அதை மதித்துத் தன் இணையச் சோதனைகளைத் தவிர்க்கும் மாட்யூல்கள் உண்டு.

தெருவில் நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்வதானால், ‘சிபேன்::மினி’ கொண்டு ஒரு கணினியில் களஞ்சியத்தின் நகலை வைத்துக்கொள்ளலாம். அது ஒவ்வொரு மாட்யூலின் அண்மைப் பதிப்பை மட்டும் வைத்திருக்கும்; மற்றவர்கள் வீட்டு வைஃபை வழியாக அதிலிருந்தே எடுத்துக்கொண்டால் மாதாந்திர டேட்டா கரையாது.

ஆசிரியருக்கு எழுதுவது

தானாகப் போகும் அறிக்கையோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். காரணத்தையும் கண்டுபிடித்திருந்தால் மட்டும் தனியே எழுதுங்கள். அதற்கு முன், அந்த மாட்யூலுக்கு வந்திருக்கும் முடிவுகளை இயங்குதளம், பெர்ல் பதிப்பு வாரியாகக் கட்டங்களில் காட்டும் அட்டவணையைப் பாருங்கள். எல்லாக் கட்டங்களும் சிவப்பாக இருந்தால் ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒரு வரிசை மட்டும் சிவப்பாக இருந்து அதில் உங்கள் கணினியும் இருந்தால் எழுதுவது அவசியம். சிபேனைத் தேடிப் படிக்கும் தளமான மெட்டாசிபேனில் மாட்யூலின் பக்கத்தில் வழுப்பதிவுக்கான சுட்டி இருக்கும். தனி மின்னஞ்சலைவிட அங்கே பதிவதே முறை.

பதிவில் முதலில் எந்தச் சோதனைக் கோப்பில் எத்தனையாவது சோதனை தோற்றது என்றும், கிடைத்ததும் எதிர்பார்த்ததும் என்ன என்றும் எழுதுங்கள். அடுத்து நீங்கள் எதை மாற்றியதும் தேறியது என்பதைச் சொல்லுங்கள்; மேற்சொன்ன நேர மண்டலப் பிழையானால் ‘ஏசியா/கொல்கத்தாவில் தோற்கிறது, யுடிசியில் தேறுகிறது’ என்ற ஒரே வரி, பக்கம் பக்கமாக ஒட்டும் திரை வெளியீட்டைவிடப் பயன் தரும். ‘பெர்ல் -வி’ கட்டளையை ஆங்கிலப் பெரிய ‘வி’ எழுத்தோடு இட்டு, வரும் வெளியீட்டை இறுதியில் சேருங்கள். உங்கள் ஆங்கிலம் எளிமையாக இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். படிப்பவர்களில் பலருக்கும் அது தாய்மொழியன்று. அவசரப்படுத்தும் தொனி மட்டும் வேண்டாம், அவரும் ஊதியமின்றி இதைச் செய்பவர்தான்.

திருத்தம் செய்த ஆசிரியர் பெரும்பாலும் உடனே முழு வெளியீடு செய்வதில்லை. பதிப்பெண்ணில் 1.02_01 என்பதுபோல் அடிக்கோடு இட்டோ, பெயரின் முடிவில் ‘ட்ரயல்’ என்று சேர்த்தோ ஒரு முன்னோட்டத்தை ஏற்றி, சோதகர்களின் முடிவுக்காகச் சில நாள்கள் காத்திருப்பார். இத்தகைய வெளியீடு சிபேனின் அட்டவணையில் சேராது என்பதால் மாட்யூலின் பெயரைக் கொடுத்தால் பழைய பதிப்புதான் இறங்கும். ஆசிரியரின் சிபேன் அடையாளத்தையும் கோப்பின் முழுப் பெயரையும் சேர்த்துக் கொடுத்து இறக்க வேண்டும். நேர மண்டலத்தை மாற்றாமல் அதே கணினியில் ஓட்டிப் பார்த்து, தேறிவிட்டால் வழுப்பதிவில் அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அதன்பின் அவர் பதிவை மூடிவிட்டு முழு வெளியீட்டுக்குப் போகலாம்.